கரும்புகையும் பழைய ராணுவ லாரியும்

படைச் சேவை முடிந்து, ஏலத்தில் கைமாறி, குன்றத்தூர், பல்லாவரம் வட்டாரத்தில் கல்லும் மணலும் சுமக்க வந்துவிட்ட பழைய ராணுவ லாரியொன்று பாரத்தோடு மேடேறுகையில் கரும்புகையைக் கக்கினால், வண்டி நல்ல இழுவையில் இருக்கிறதென்று அதன் சொந்தக்காரர் மகிழ்வதுண்டு. அந்த மகிழ்ச்சி ஆதாரமற்றது. அப்புகை, முற்றும் எரியாமல் கரியாகிப்போன டீசல். அதாவது, விலை கொடுத்து வாங்கிய சக்தி சக்கரத்துக்குச் சேராமல் ஆகாயத்துக்குப் போகிறது.

நம் ராணுவத்தில் நெடுங்காலம் உழைத்த 'சக்திமான்' லாரி, ஜெர்மனி தேசத்து எம்.ஏ.என். கம்பெனியின் உரிமத்தின் பேரில், கிருஷ்ண மேனன் பாதுகாப்பு மந்திரியாக இருந்த காலத்தில், 1959-இல் ஜபல்பூரில் உருவாகத் தொடங்கி, 1996 வரையில் உற்பத்தியாயிற்று. பின்னர் அதன் ஸ்தானத்துக்கு வந்தவற்றுள் முக்கியமானது அசோக் லேலண்டின் 'ஸ்டாலியன்'. ருடால்ஃப் டீசல் 1897-இல் தம் யந்திரத்தை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியது ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில். அத்தொழிற்சாலையின் வழிவந்ததே எம்.ஏ.என். என்பதால், சக்திமானை டீசல் யந்திரத்தின் பிறந்தகத்துச் சொந்தம் என்றே சொல்லலாம்.

டீசல் யந்திரத்தில் தீப்பொறிக்கு வேலையில்லை. உள்ளிழுத்த காற்றை 16, 17 மடங்கு அமுக்குவதாலேயே அதன் உஷ்ணம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏற, அத்தருணம் பார்த்துப் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. எம்.ஏ.என். கம்பெனியின் பொறியியலர் மாய்ரர் 1950-களில் இதில் ஒரு சூட்சுமம் செய்தார். பிஸ்டனின் தலையில் கோள வடிவமாகக் குழி குடைந்து, டீசலின் பெரும்பகுதியை அக்குழியின் சுவரிலேயே மெல்லிய படலமாகப் படியவிட்டு, சுழன்று வரும் காற்று அதைச் சிறிது சிறிதாக ஆவியாக்கி எரிக்கும்படி அமைத்ததனால், டீசலுக்கே உரிய கடகடவென்ற தட்டல் தணிந்தது. பலவகை எரிபொருள்களையும் ஏற்கும் சகிப்புத்தன்மை யந்திரத்துக்கு வந்தது. ஆனால் தாரை சுவரில் விழவேண்டிய இடத்தில் விழாவிட்டால் இந்த நன்மைகள் எல்லாம் போயின.

ஆகவே இழுவை குறைந்துவிட்டது என்றதும் பம்பின் சீலை உடைத்து, டீசலைக் கூட்டும் திருகைத் திருப்பச் சொல்வதை நான் வன்மையாக மறுக்கிறேன். அடுப்பில் விறகை அள்ளித் திணித்தால் மிஞ்சுவது புகைதான். காற்றின் அளவு கூடாமல் டீசலை மட்டும் கூட்டினாலும் அதுவே நேர்கிறது. புகைபோக்கியின் உஷ்ணம் ஏறுகிறது, வால்வு கருகுகிறது, பிஸ்டன் வெடிக்கிறது. பம்புக்குள் இருக்கும் பிளஞ்சருக்கும் அதன் உருளைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கே. இதைத் தொடவேண்டியவர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசலை அளந்து சமப்படுத்தும் மேடை வைத்திருக்கும் பம்ப் கடைக்காரர் ஒருவரே.

அங்கே நாசிலைச் சோதிப்பதைக் கவனித்திருக்கிறேன். கைப்பிடியை அழுத்த அழுத்த முள் ஏறுகிறது. குறித்த அழுத்தம் வந்ததும் 'கிர்ர்' என்ற ஒலியோடு டீசல் சீறிப் பாய்ந்து, சட்டென்று நிற்கிறது. நின்ற பிறகும் முனையில் ஒரு துளி தொங்கினால் அந்த நாசில் ஆகாது.

பம்பை வண்டியில் மீண்டும் பூட்டும்போது செய்யும் பரீட்சை அதனினும் நுட்பமானது. முதல் சிலிண்டரின் டெலிவரி வால்வைக் கழற்றி, வளைந்த சிறு குழாயொன்றை மாட்டி, யந்திரத்தைக் கையால் மெல்லத் திருப்புகையில், நூலாக ஒழுகும் டீசல் துளித்துளியாகி, ஒரு கட்டத்தில் அறவே நின்றுவிடும். அந்த இடத்தில் ஃப்ளைவீலின் குறி, தயாரித்தவர் சொன்ன டிகிரியில் நிற்கவேண்டும். நிமிஷத்துக்கு 1,500 சுற்று ஓடும் யந்திரத்தில் ஒரு டிகிரி என்பது ஒரு வினாடியின் 9,000-த்தில் ஒரு பங்கு! சில டிகிரி முந்தினால் தட்டும். பிந்தினால் சூடேறும், இழுவை குன்றும்.

காற்றுக்கும் வழி சுத்தமாக இருக்கவேண்டும். 4,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைவதால், இமயமலைச் சாலைகளில் இவ்வண்டிகள் மூச்சுத் திணறியது இயற்கை. கடல்மட்டத்தை ஒட்டிய நம் ஊரில் அவை திணறுமானால், குற்றம் பெரும்பாலும் கல்லுடைக்கும் தூசி அடைத்த ஏர் ஃபில்டரிலோ, இடைவெளி பிசகிய டேப்பட்டிலோதான் இருக்கும்.

இன்னொரு சத்துரு, ஈரம். வடகிழக்குப் பருவத்தில் பாதி காலியாக இரவெல்லாம் நிற்கும் டாங்கியினுள் காற்றின் நீராவி குளிர்ந்து, நீராக அடியில் தங்கி, பம்பை எட்டினால் அந்த நுண்ணிய பிளஞ்சர்கள் துருவேறிப்போகும். ஆதலால் ஐப்பசி, கார்த்திகையில் மாலையிலேயே டாங்கியை நிரப்பி வைத்து, காலையில் வண்டியைக் கிளப்புமுன் அடித்திருகைத் தளர்த்தி, கலங்கலற்ற டீசல் வரும்வரையில் வடித்துவிடுதல் வேண்டும்.