கடற்பாசியும் மீனின் செவுளும்

இராமேசுவரத்திலோ மண்டபத்திலோ கடற்கரையோரமாக நடந்து செல்வோர், அலை ஒதுக்கிவிட்டுப் போன பாசிக் குவியலை மிதித்துக்கொண்டே போய்விடுவதுண்டு. அதனைக் குனிந்து பார்ப்போர் சிலரே. ஆனால் அக்கரையில் வாழும் மீனவப் பெண்களுக்கு அந்தப் பாசிதான் அன்றாடக் கூலி. கடலில் மூழ்கிப் பாறைகளில் படர்ந்திருக்கும் பாசியைக் கையாற் பறித்து, வெயிலில் உலர்த்தி விற்று அவர்கள் பிழைக்கின்றனர். ஒவ்வொரு வகைக்கும் அவர்கள் வழங்கும் பெயர் உண்டு. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்பன அவற்றுட் சில. தாவர நூலார் முறையே ஜெலிடியெல்லா, கிராசிலேரியா, சர்காசம் என்பர். எனக்கென்னவோ, பறிப்பவர் இட்ட பெயர்களே பொருத்தமாகத் தோன்றுகின்றன.

மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப் பாசியிலிருந்தும் அகார் என்னும் பசைப்பொருள் எடுக்கப்படுகிறது. ரம்ஜான் மாதத்தில் நம் ஊர் முஸ்லிம் இல்லங்களில் 'கடற்பாசி' என்று ஓர் இனிப்பு செய்வார்களே, அதுவும் அகாரே. இந்தச் சமையற் பொருள் மருத்துவ உலகில் புகுந்த வரலாறு சுவையானது. கிருமிகளை வளர்த்துப் பார்க்க ராபர்ட் காக் முதலில் ஜெலாட்டின் என்னும் விலங்குப் பசையையே பயன்படுத்தினார். அது உடற் சூட்டிலேயே உருகிவிடும். சில கிருமிகள் அதனைத் தின்று நீராக்கியும் விடும். அவருடன் பணியாற்றிய வால்டர் ஹெஸ் என்பவரின் மனைவி ஃபேனி ஹெஸ், 'வீட்டில் பழக்கூழ் உறைய வைக்க அகார் போடுகிறேனே, அதைப் போட்டுப் பாருங்கள்' என்னும் யோசனையைத் தந்தார். 1882ஆம் ஆண்டு காசநோய்க் கிருமியைப் பற்றிக் காக் எழுதியபோது அகாரும் அதில் இடம் பெற்றது. இன்றளவும் உலகின் ஆராய்ச்சிக் கூடங்களில் கிருமி வளர்க்கும் தட்டில் இருப்பது கடற்பாசிப் பசைதான்.

அகார் போன்ற பொருள்களைப் பாசி நமக்காகச் செய்து வைக்கவில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பாசிக்கு முள் இல்லை. ஓடி ஒளியக் கால் இல்லை. தின்ன வரும் மீனையும் நத்தையையும், மேலே வந்து ஒட்டும் கிருமியையும் அது இரசாயனத்தாலேயே எதிர்க்க வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கடலில் டெலிசியா என்றொரு சிவப்புப் பாசி உண்டு. அதன் மேற்பரப்பில் மட்டும் கிருமிகள் அடையாய்ப் படிவது மிகக் குறைவாக இருப்பதைக் கண்டு விஞ்ஞானிகள் வியந்தனர். ஆராய்ந்தபோது காரணம் விளங்கிற்று. கிருமிகள் தம்முள் ஒருவகை இரசாயனக் குறிப்புகளை வெளியிட்டுத் தம் கூட்டம் பெருகிவிட்டதை அறிந்துகொள்கின்றன. அதன் பின்னரே கூடி அடை கட்டுகின்றன. டெலிசியா, அந்தக் குறிப்பைப் போலவே தோற்றமுள்ள ஃபியூரனோன் என்னும் பொருளை வெளியிட்டு அச்செய்தியைக் குழப்பிவிடுகிறது. கிருமியைக் கொல்லாமலே அதனைத் தடுத்து நிறுத்தும் இந்தச் சாமர்த்தியம் மருந்து ஆராய்ச்சியாளரின் கவனத்தை ஈர்த்ததில் வியப்பில்லை.

இவ்வாறு சொன்னவுடன், 'இயற்கைப் பொருள்தானே, தீங்கு செய்யாது' என்று மாணவர் சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். வேலியோரத்து அரளியும் இயற்கைப் பொருளே. கடலிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். ஜப்பானின் தென்கோடித் தீவுகளில் வயிற்றுப் புழுவை நீக்க ஒரு சிவப்புப் பாசியை மக்கள் உட்கொண்டு வந்தனர். அதிலிருந்து 1958ஆம் ஆண்டு டோமோயிக் அமிலம் பிரித்தெடுக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டு கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் விளைந்த சிப்பி இறைச்சியை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், சிலர் மாண்டனர், பிழைத்தவருள் சிலருக்கு நினைவாற்றல் கெட்டது. காரணம் அதே டோமோயிக் அமிலம். கடல் நீரில் மிதக்கும் ஒருவகை நுண்பாசி அதனை உண்டாக்க, அந்நுண்பாசியைத் தின்ற சிப்பியின் உடலில் அது சேர்ந்திருந்தது. சிற்றளவில் மருந்தாயிருந்தது பேரளவில் நஞ்சாயிற்று.

இனி மீனுக்கு வருவோம். குளங்களிலும் கூண்டுகளிலும் மீன்களை நெருக்கமாக வளர்க்கும்போது நோய் விரைவிற் பரவுகிறது. அதற்கு அஞ்சிப் பண்ணையார்கள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை அள்ளிக் கொட்டியதன் விளைவாக, அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகின. குளோராம்ஃபெனிகால் முதலிய சில மருந்துகளை மீன், இறால் பண்ணைகளில் பயன்படுத்த நம் நாட்டில் தடையே விதிக்கப்பட்டுள்ளது. ஆகவே வேறு வழி தேடினர். பழுப்புப் பாசிகளிலிருந்து கிடைக்கும் ஃபியூகாய்டன், லாமினாரின் முதலிய சர்க்கரைத் தொடர்ப் பொருள்களைத் தீவனத்திற் சிறிதளவு கலந்து கொடுத்தால், மீனின் உடலிலுள்ள காவற்செல்கள் கிருமி வந்துவிட்டது போல விழித்துக்கொள்கின்றன. பிறகு உண்மையான கிருமி வரும்போது மீன் எளிதில் சாய்வதில்லை என்று பல சோதனைகள் காட்டியுள்ளன. இது ஒரு வழி. இன்னொரு வழி, பாசிச் சாற்றைக்கொண்டு உலோக நுண்துகள் செய்வது. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

நானோ துகள் என்பது யாது? ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களை நானோ துகள்கள் என்கின்றனர். சிறுமையில் என்ன பெருமை என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுர வெள்ளிக் கட்டி ஒன்றின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனைப் பத்து நானோமீட்டர் பக்கமுள்ள கட்டிகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 15 சென்ட் நிலம். வெள்ளியின் எடை கூடவில்லை. நீரோடும் உயிரோடும் உறவாடும் பரப்பு மட்டும் பத்து லட்சம் மடங்கு பெருகிவிட்டது. கிருமியைக் கொல்லும் வேகத்துக்கும் மீனைத் துன்புறுத்தும் வேகத்துக்கும் இந்தப் பெருக்கமே காரணம்.

இத்துகள்கள் புதியன அல்ல. மைக்கேல் ஃபாரடே 1857ஆம் ஆண்டிலேயே தங்கத்தை நீரில் நுண்துகளாக்கி மாணிக்கச் சிவப்பு நிறமுள்ள திரவம் செய்து காட்டினார். அவர் செய்த திரவங்கள் சில இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்னும் நிறம் மாறாமல் உள்ளன. புதியது செய்முறையே. துகள் செய்யப் பல இடங்களில் கடுமையான இரசாயனங்கள் பயன்படுகின்றன. அவற்றுக்குப் பதிலாகப் பாசியைக் கொதிக்க வைத்த சாற்றையே கலந்தால் என்ன? வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அச்சாற்றைச் சேர்த்து வைத்தால், நிறமற்ற நீர் சில மணி நேரத்தில் பழுப்பேறுகிறது. சாற்றிலுள்ள பொருள்கள் வெள்ளி அயனிகளைத் திரட்டித் துகளாக்குகின்றன. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவாறு மேலே உறை போலவும் போர்த்துகின்றன. நம் தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் கட்டக்கோரை இனத்துப் பாசி ஒன்றைக்கொண்டு 8 முதல் 12 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் செய்ததை 2007ஆம் ஆண்டு வெளியிட்டனர். அதன் பின் இத்துறையில் கட்டுரைகள் மழையெனப் பொழிந்தன. 'பசுமைத் தயாரிப்பு' என்று அதற்குப் பெயரும் வந்தது. அப்பெயர் துகள் செய்யும் முறையைக் குறிப்பது. செய்த துகள் மீனுக்கு என்ன செய்யும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இதனை மறந்து எழுதப்பட்ட கட்டுரைகள் பல.

மீனின் செவுளைச் சற்று நோக்குவோம். சீப்பின் பற்கள் போன்ற இழைகள். ஒவ்வோர் இழையிலும் மெல்லிய தகடுகள். தகட்டின் உள்ளே இரத்தம், வெளியே நீர். இடையிலுள்ள சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குகளே. பிராணவாயு உள்ளே வர இத்தனை மெல்லிய சுவர் வேண்டும். வேண்டாதது எதுவும் முதலில் வந்து மோதுமிடமும் அதுவே. இங்கிலாந்தில் பிளைமவுத் ஆராய்ச்சியாளர்கள் டிரௌட் மீன்களைக் கரிக்குழல் நுண்துகள் கலந்த நீரில் பத்து நாள் வரை வைத்திருந்தனர். மீன்கள் வேகமாக மூச்சு வாங்கின. செவுள்கள் கோழை சுரந்து துகள்களைச் சுற்றிக்கொண்டன. தூசி பட்டால் நமக்கு மூக்கில் நீர் வடிவதைப் போன்றதே இது.

வெள்ளியின் செயல் வேறு. நன்னீர் மீனின் உடலில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரைவிட மிகுதி. எனவே உப்பு ஓயாது வெளியே கசிகிறது. செவுளின் செல்கள் ஓயாது சோடியத்தை உள்ளே இறைத்துக்கொண்டே இருக்கின்றன. துகளிலிருந்து கரையும் வெள்ளி அயனி, இந்த இறைக்கும் பொறியை நிறுத்திவிடுகிறது. உப்பை இழந்த மீனின் இரத்த ஓட்டம் சீர்குலைந்து அது இறக்கிறது. ஆனால் கடலில் கதை மாறுகிறது. கடல்நீரில் மிகுந்துள்ள குளோரைடு, வெள்ளியைப் பற்றிக்கொண்டு அதன் கடுமையைக் குறைக்கிறது. உப்பின் மிகுதியால் துகள்களும் திரண்டு அடியில் படிகின்றன. அதனால் கடல் மீனுக்குத் தொல்லையே இல்லை என்று எண்ணலாகாது. கடல் மீன் நீரைக் குடிக்கும் இயல்புடையது; ஆகவே அதன் குடலும் வெள்ளிக்கு இலக்காகிறது. அடிச் சேற்றில் இரை தேடும் உயிர்களுக்கோ படிந்த துகளே உணவோடு சேர்ந்து வருகிறது. கடற்பாசியில் செய்த துகளை நன்னீர் மீனில் மட்டும் சோதித்துவிட்டுக் கடலுக்கு முடிவு கூறுவோர் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

அந்த நன்னீர் மீன் பெரும்பாலும் வரிக்குதிரை மீன் எனப்படும் சிறு மீனாகும். அது நம் நாட்டு மீன். கங்கை மீன்களைப் பற்றி ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட நூலில் அதனை வருணித்துள்ளார். அதன் முட்டை கண்ணாடி போலத் தெளிவானது. உள்ளே கரு வளர்வதையும், ஒரு நாளுக்குள் இதயம் துடிக்கத் தொடங்குவதையும் நுண்பெருக்கியில் நேரே காணலாம். இரண்டு மூன்று நாளில் குஞ்சு வெளிவந்துவிடும். 2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்த ஆராய்ச்சியில், வெள்ளித் துகள்கள் முட்டை உறையிலுள்ள நுண்துளைகள் வழியே அலைந்து உட்புகுவதைக் கண்ணாலேயே கண்டனர். துகளின் அளவு கூடக் கூட, முதுகு வளைந்தும் இதயம் வீங்கியும் பிறந்த குஞ்சுகள் மிகுந்தன.

சோதனை எவ்வளவு எளிதில் வழி தவறும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியை விரிவாகச் சொல்ல வேண்டும். அறுபது கரி அணுக்கள் கால்பந்து வடிவிற் கூடிய ஃபுல்லரீன் என்னும் பொருள் 1985இல் கண்டுபிடிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு டெக்சாஸில் ஈவா ஓபர்டார்ஸ்டர் என்ற அம்மையார், அதனை நீரிற் கலந்து பாஸ் என்னும் மீன்களை 48 மணி நேரம் வைத்திருந்து, அவற்றின் மூளைக் கொழுப்பில் சிதைவு நேர்ந்ததாக வெளியிட்டார். உலகெங்கும் செய்தி பரவிற்று. ஆனால் ஃபுல்லரீன் நீரிற் கரையாது; அதனை நீரிற் சேர்க்க டெட்ராஹைட்ரோஃபியூரான் என்னும் கரைப்பான் பயன்பட்டிருந்தது. 2007ஆம் ஆண்டு டென்னசியில் வேறு சிலர் மூன்று வகை நீர் ஆயத்தம் செய்தனர்: கரைப்பானோடு ஃபுல்லரீன், ஃபுல்லரீன் இல்லாமல் அதே கரைப்பான் முறை, கரைப்பான் இல்லாமல் நீரிலேயே நெடுநாள் கலக்கிய ஃபுல்லரீன். முதல் இரண்டிலும் வரிக்குதிரை மீன் குஞ்சுகள் துன்புற்றன, மூன்றாவதில் அவ்வாறில்லை. அங்கே நஞ்சாயிருந்தது துகளன்று. கரைப்பான் சிதைந்து உண்டான பொருள். முதல் ஆராய்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது கேட்ட கேள்வியால்தான் இரண்டாவது பிறந்தது.

இதனால் பாசித் துகளைச் சோதிப்பவர் நான்கு தொட்டிகளேனும் வைக்க வேண்டும். ஒன்றில் வெறும் நீர். இரண்டாவதில் பாசிச் சாறு மட்டும், ஏனெனில் சாறே மீனுக்கு ஒவ்வாததாக இருக்கலாம். மூன்றாவதில் அதே எடை வெள்ளி, கரைந்த உப்பாக. நான்காவதில் துகள். மூன்றாவதிலும் நான்காவதிலும் மீன்கள் ஒரே அளவு இறந்தால், துகளிலிருந்து கரைந்த வெள்ளியே காரணம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். நான்காவதில் மிகுந்தால் துகளுக்கே தனிச் செயல் உண்டு. மீன்களிற் பாதி 96 மணி நேரத்தில் இறக்கும் அளவு எது என்று கணக்கிடுவது உலகம் ஒப்பிய முறை. ஒரு கட்டுரையில் இரண்டாவது, மூன்றாவது தொட்டிகள் இல்லையென்றால், அதன் முடிவுரை எத்துணை அழகாக இருந்தாலும் நான் ஐயுறுவேன்.

தொட்டி சொல்லாததும் உண்டு. கனடாவின் ஆண்டாரியோ மாகாணத்தில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட சிறு ஏரிகள் பல இருக்கின்றன. அவற்றுள் 222 என்னும் எண்ணுள்ள ஏரியில் 2014, 2015ஆம் ஆண்டுகளில் வெள்ளி நுண்துகளைச் சிறிது சிறிதாகக் கலந்தனர். நீரில் இருந்த அளவு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் சில பங்குகளே. 96 மணி நேரத் தொட்டியில் மீனைக் கொல்லும் அளவுக்கு அது எவ்வளவோ குறைவு. ஆயினும் அந்த ஏரியிலிருந்த மஞ்சள் பெர்ச் மீன்களின் செவுளிலும் ஈரலிலும் வெள்ளி சேர்ந்தது. அவை வழக்கத்தைவிடக் குறைவாக இரை உண்டன. ஏரியில் அவற்றின் எண்ணிக்கையும் குறைந்தது.