வெங்காயக் கணக்கிலிருந்து முகாமைத்துவப் பட்டம் வரை

கற்பிட்டிப் பக்கத்தில் சின்ன வெங்காயம் பிடுங்கும் நாட்களில் ஒரு தாய் போடும் கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். விதை வெங்காயம் என்ன விலைக்கு வாங்கினோம், பசளைக்கு எவ்வளவு, தண்ணீர் இறைக்க எவ்வளவு, கூலிக்கு வந்தவர்களுக்கு எவ்வளவு, இன்றைக்கே வியாபாரியிடம் கொடுப்பதா, இரண்டு கிழமை காயவைத்துப் பொறுத்திருப்பதா? காகிதமும் பென்சிலும் இல்லாமல் அவர் இத்தனையும் மனதிலேயே கூட்டிக் கழித்துவிடுகிறார். பல்கலைக்கழகத்தில் இதற்கு முகாமைத்துவம் என்று பெயர்.

அந்தத் தாயின் மகள் சாதாரண தரம் சித்தியடைந்ததும் வீட்டில் ஒரு கேள்வி எழும்புகிறது. "இன்னும் இரண்டு வருடம் படிக்க வைப்பதா, அல்லது நாளைக்கே தோட்டத்துக்கு அனுப்புவதா?" 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் அதிகமான முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கே. சொந்த வயலில் நெல் விதைத்தவர்கள் பிறர் தோட்டத்தில் நாட்கூலிக்கு நின்றார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளையின் கூலி சிறிய விடயமல்ல. ஆகையால் இந்தக் கேள்வியை எழுப்பும் பெற்றோரை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆனால் விடை சொல்லுமுன் சில விபரங்களை அறிந்திருப்பது நல்லது.

பெண்களுக்கு மூடியிருந்த கதவு

முகாமைத்துவக் கல்வி நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகக் கல்லூரி 1908இல் ஆரம்பமானது. அதன் இரண்டு வருட முதுமாணிப் படிப்பின் முதல் வருடத்தில் பெண்கள் நேரடியாகச் சேர்க்கப்பட்டது 1963இல் தான். அவ்வாறு சேர்ந்தவர்கள் 8 பேர் மட்டுமே.

1955இல் சென்னையில் பிறந்த இந்திரா நூயி, கல்கத்தாவில் முகாமைத்துவம் கற்றபின், 1978இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். கிடைத்த உதவித்தொகை முழுச் செலவுக்கும் போதவில்லை. கடன் எடுத்தார், இரவு வேளையில் வரவேற்பாளராக வேலையும் செய்தார். பின்னர் 2006 முதல் 2018 வரை பெப்சிகோ என்ற மாபெரும் நிறுவனத்தைத் தலைமை தாங்கி நடத்தினார். புலமைப்பரிசில் கதவைத் திறந்துவிடும். உள்ளே போய் நிலைத்து நிற்க வேறு உதவிகளும் வேண்டும் என்பதற்கு அவரது வாழ்க்கையே சாட்சி.

மசுவாட் பெண்கள் காட்டிய வழி

"அவர் நகரத்துப் பெண், நாம் தோட்டத்தில் நிற்பவர்கள்" என்று நீங்கள் சொல்லக்கூடும். அப்படியானால் இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில், சதாரா மாவட்டத்தின் மழை குறைந்த மசுவாட் என்ற ஊருக்கு வாருங்கள். அங்கே ஒரு பெண் தன் சிறு சேமிப்பை வைப்புச் செய்ய வங்கிக்குப் போனார். தொகை மிகச் சிறியது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதனைக் கண்ட சேத்னா காலா சின்ஹா, கிராமத்துப் பெண்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கி அமைக்க முனைந்தார். அங்கத்தவர்கள் எழுத்தறிவு இல்லாதவர்கள் என்ற காரணத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

பெண்கள் சோர்ந்துவிடவில்லை. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு மீண்டும் போனார்கள். "எந்தத் தொகைக்கும் வட்டி கேளுங்கள், மனக்கணக்காகச் சொல்கிறோம், உங்கள் அதிகாரிகளும் எங்களோடு சேர்ந்து சொல்லட்டும்" என்ற பொருள்படச் சவால் விட்டார்கள். 1997இல் மாண் தேசி பெண்கள் கூட்டுறவு வங்கி பிறந்தது. 2006இல் அதே இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கென ஒரு வணிகப் பாடசாலையையும் தொடங்கியது. பெண்களால் நகரத்துக்கு வர முடியாதென்பதால், பஸ் வண்டி ஒன்றையே வகுப்பறையாக்கி ஊர்களுக்கு அனுப்பினார்கள்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. படிப்புக் கட்டணத்தைப் போலவே தூரமும், வீட்டு வேலையும், இழக்கப்படும் கூலியும் பெண்களைத் தடுக்கின்றன. உண்மையான உதவி என்பது இவற்றையும் கணக்கில் எடுப்பதாகும்.

எமது நாட்டில் என்ன உண்டு?

அரச பல்கலைக்கழகங்களில் முதற்பட்டப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. தங்குமிடம், சாப்பாடு, பிரயாணம், புத்தகம் ஆகியவையே செலவு. இதற்காகவே 1981இல், அப்போது வர்த்தக அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலி அவர்களின் முயற்சியால் மகாபொல புலமைப்பரிசில் நிதியம் அமைக்கப்பட்டது. திறமையும் குடும்ப வருமானமும் பார்த்து மாணவர்களுக்கு மாதாந்த உதவி வழங்கப்படுகிறது. மகாபொல கிடைக்காத வறிய மாணவர்களுக்கு வேறு உதவிப்பணமும் உண்டு.

முகாமைத்துவம் கற்க ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. போர்ச் சூழலில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர முடியாமற்போன மாணவர்களுக்காக 1995இல் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் பல்கலைக்கழகமானது. இடம்பெயர்ந்தவர்களுக்காகவே எழுந்த கலாசாலை என்று அதைச் சொன்னால் மிகையல்ல. வவுனியாவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது, 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகியது. அங்கும் வணிகக் கற்கைகள் உண்டு.

பெற்றோர் இன்றே செய்யக்கூடியவை

முதலாவது, வர்த்தகப் பிரிவில் கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி ஆகிய பாடங்களைப் படிக்க விரும்பும் மகளை இடையில் நிறுத்தாதீர்கள். ஆங்கிலத்தையும் ஊக்குவியுங்கள், முகாமைத்துவப் பட்டப்படிப்புகள் பல அம்மொழியிலேயே நடக்கின்றன.

இரண்டாவது, பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு உண்டு. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் பிள்ளை எங்கே படித்தார் என்பதே அவரது மாவட்டத்தைத் தீர்மானிக்கும் முக்கிய விடயம். புத்தளத்துக்கும் மன்னாருக்குமிடையே போய்வரும் குடும்பங்கள் இதை மறந்துவிடலாகாது. பாடசாலை மாறுமுன் அதிபரிடம் விசாரியுங்கள். விடுகைப் பத்திரங்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மூன்றாவது, வருமானச் சான்றுக்காகக் கிராம உத்தியோகத்தரைக் கடைசி நாளில் தேடி ஓடாதீர்கள்.

நான்காவது, மகளிர் சங்கங்கள் ஒன்றுகூடி, ஊரிலிருந்து உயர்தர வகுப்புக்குப் போகும் ஒரு பிள்ளையின் பஸ் செலவையாவது பொறுப்பேற்கலாம். மாதமொரு சிறு தொகையாயினும் அதுவும் ஒரு புலமைப்பரிசிலே.

1990இல் எம்மில் பலர் கையில் எதையும் கொண்டுவர முடியவில்லை. கற்ற கல்வியை மட்டும் யாராலும் வழியில் பறிக்க முடியவில்லை. மனக்கணக்கில் குடும்பத்தைக் காத்த தாயின் மகள், அதே கணக்கை ஒரு கூட்டுறவுச் சங்கத்திலோ, வங்கியிலோ, சொந்தத் தொழிலிலோ எழுதும் நாள் வரவேண்டும். அடுத்த அறுவடைக் கூலியைப் பற்றி யோசிக்கும்போது அந்த நாளையும் சேர்த்து யோசியுங்கள்.