பனிதேசக் குறிப்புகள் – 17: ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாள்

"தம்பி, இதை ஒருக்காப் பாருமன். எனக்கு இன்னும் நாள் காணாது எண்டு இவன் சொல்லுறான். மூண்டு வருசம் முடிஞ்சுதுதானே?"

எதிர்வீட்டு அக்கா என் சாப்பாட்டு மேசையில் மகனின் மடிக்கணினியை வைத்தபோது இரவு ஒன்பது மணி இருக்கும். கையில் கடவுச்சீட்டு. மற்றக் கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பழைய விமானச் சீட்டுத் துண்டுகள், ஒரு மருந்துச் சிட்டை, மரண அறிவித்தல் ஒன்று. திரையில் கனடியக் குடிவரவுத் திணைக்களத்தின் நாட்கணிப்பான் திறந்திருந்தது.

'மூன்று வருசம் இருந்தால் சிற்றிசன்' என்பது ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கோயில் வாசலிலும் மீன்கடையிலும் கேட்கிற சூத்திரம். பிழையில்லை. ஆனால் சட்டம் வருடங்களை எண்ணுவதில்லை, நாட்களை எண்ணுகிறது. விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்கும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளுக்குள் 1,095 நாட்கள் நீங்கள் கனடிய மண்ணில் உடலோடு இருந்திருக்க வேண்டும். 365-ஐ மூன்றால் பெருக்கினால் வருகிற எண் அது. தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. விட்டு விட்டும் இருக்கலாம். கூட்டுத்தொகை வந்தால் போதும்.

இதில் சில நுணுக்கங்கள் உண்டு. நிரந்தர வதிவிட உரிமை கிடைக்கும் முன்பு மாணவராகவோ, வேலை அனுமதியோடோ, ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதியாகவோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும். அந்த வழியில் ஆகக்கூடியது 365 நாட்களைத்தான் சேர்க்கலாம். அகதிக் கோரிக்கையைக் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம் சேராது. எங்கள் ஆட்கள் பலருக்குக் கசக்கிற வரி இதுதான். சோற்றுக்கடையில் கோப்பை கழுவியும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தும் கழிந்த அந்த ஆண்டுகளில் அவர்கள் இந்த நாட்டில்தான் இருந்தார்கள். ஆனாலும் கணக்கில் அவர்கள் இல்லை.

அக்காவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கணவர் ஸ்பொன்சர் செய்து, நிரந்தர வதிவிட உரிமையோடு வந்து இறங்கியவர். இறங்கி 1,157 நாட்கள் ஆகியிருந்தன. இடையில் எத்தனை தரம் வெளியே போனார் என்று கேட்டேன்.

"மூண்டு தரந்தான். அம்மாவுக்குச் சுகமில்லை எண்டு ஒருக்காப் போனனான். பிறகு செத்தவீட்டுக்குப் போய் அந்திரட்டி முடியுமட்டும் நிண்டனான். பிறகு ஆட்டத்திவசம்."

"நயாகராப் பக்கம், அமெரிக்கா?"

"ஒருநாள் பாலம் கடந்து போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வந்தது. அதுவும் கழிபடுமோ?"

அது கழிபடாது. வெளிக்கிட்ட நாளும் திரும்பி வந்த நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே கொள்ளப்படும். இடைப்பட்ட நாட்கள்தான் கழியும். காலையில் போய் மாலையில் திரும்பினால் கழிக்க எதுவுமில்லை. ஆனாலும் அந்தப் பயணத்தையும் எழுதச் சொன்னேன். எல்லையைக் கடந்த விவரம் அரசின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள் மறந்தாலும் அது மறக்காது. வேண்டுமென்று பொய்த் தகவல் கொடுத்து அகப்பட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

வெளியில் நின்ற நாட்களை ஒரு தாளில் எழுதினோம். தாயின் நோய்க்கு 44. செத்தவீட்டுக்கு 38. ஆட்டத்திவசத்துக்கு, அதாவது முதலாண்டு நினைவுக்கு, 21. மொத்தம் 103. 1,157-இல் கழித்தால் 1,054. இன்னும் 41 நாட்கள் வேண்டும்.

அக்கா தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் அம்மான்ர கணக்குத்தான்" என்றார்.

*

நாள் கணக்கு முதற்படி மட்டும்தான். வருமான வரி தாக்கல் செய்யக் கடமைப்பட்டவர் என்றால், அந்த ஐந்து ஆண்டுகளில் மூன்றுக்காவது தாக்கல் செய்திருக்க வேண்டும். 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பேசவும் கேட்டு விளங்கவும் முடியும் என்று காட்ட வேண்டும். எழுத வாசிக்கத் தெரிந்ததற்குச் சான்று கேட்பதில்லை. கனடிய மொழி அளவுகோலில் நான்காம் படி போதும். புதிதாக வந்தவர்களுக்கு அரசு செலவில் நடக்கிற ஆங்கில வகுப்பில் அந்தப் படியைத் தாண்டிய சான்றிதழும் செல்லும்.

அதே வயதுக்காரர்களுக்குத்தான் பரீட்சையும். இருபது கேள்விகள். பதினைந்துக்குச் சரியான விடை வேண்டும். 'டிஸ்கவர் கனடா' என்ற அரசின் கைநூலிலிருந்து கேட்பார்கள். 1867 ஜூலை 1-இல் கூட்டாட்சி பிறந்தது, முதற் பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட், 1917-இல் விமி ரிட்ஜ் சண்டை, இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங்கும் பெஸ்ட்டும் என்று கதை நீளும். அக்கா அதை அடுப்படியில் ஒலிப்பதிவாகக் கேட்டுக்கொண்டே சமைக்கிறார். "யாழ்ப்பாண ராசா சங்கிலியன்ர கதையைப் பாடமாக்கினாப் பிறகு இப்ப மக்டொனால்ட்டின்ர கதை" என்று சிரித்தார்.

வளர்ந்தவருக்கான கட்டணம் 2025 மார்ச் 31-இல் 649 டொலர் 75 சதம் ஆனது. கடைசியில் சத்தியப்பிரமாணம். 2021-இல் அந்த வாசகத்தைத் திருத்தி, இந்த மண்ணின் முதற்குடிகள், இனுயிட், மெட்டி மக்களின் உரிமைகளை மதிப்பதையும் சேர்த்தார்கள். முன்பு அரசியின் பெயர் சொன்ன இடத்தில் 2022 செப்டெம்பருக்குப் பிறகு அரசர் சார்ள்ஸின் பெயர் வருகிறது.

இவற்றையெல்லாம் படித்தோ பணம் கட்டியோ கடந்துவிடலாம். நாட்களைப் படித்தும் கடக்க முடியாது, பணம் கொடுத்தும் கடக்க முடியாது. அதனால்தான் நீதிமன்றங்களில் நீண்ட சண்டை நாள் கணக்கைச் சுற்றி நடந்தது.

*

1977-இல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம், நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று ஆண்டுகள் கனடாவில் 'வசித்திருக்க' வேண்டும் என்றது. வசிப்பது என்றால் என்ன என்று அது சொல்லவில்லை.

அடுத்த ஆண்டே, படிப்புக்காக அமெரிக்கா போயிருந்த ஒரு மாணவரின் வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்தது. உடம்பு வெளியில் இருந்தாலும் வாழ்க்கையின் மையம் கனடாவில் இருந்தால் அவர் கனடாவில் வசிப்பவரே என்று தீர்ப்பானது. 1993-இல் இன்னொரு நீதிபதி அதை ஒத்துக்கொள்ளவில்லை. கனடிய மக்களோடு கடையிலும் தெருவிலும் பள்ளியிலும் தோளுரசிப் பழகினால்தான் ஒருவர் கனடியர் ஆகலாம். வெளியில் இருப்பவரால் அது முடியாது. ஆகவே நாளை எண்ணுங்கள் என்றார். அதற்கு முந்திய ஆண்டிலேயே மூன்றாவது நீதிபதி ஒருவர் நடுவழி ஒன்றைக் காட்டியிருந்தார். குடும்பம் எங்கே, போனது எதற்காக, திரும்பி வந்தது வீட்டுக்கா விருந்துக்கா என்று ஆறு கேள்விகள் போட்டு, பதில்களைப் பார்த்து முடிவெடுக்கச் சொன்னார்.

அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த மூன்று அளவுகோல்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. குடியுரிமை நீதிபதி எதையும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே மாதிரியான இரண்டு விண்ணப்பங்களில் ஒன்று ஏற்கப்படும், மற்றது நிராகரிக்கப்படும். யாருடைய மேசைக்குப் போகிறது என்பதில் இருந்தது விதி.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது 2014-இல் நிறைவேறிய திருத்தம். 2015 ஜூனிலிருந்து உடலோடு இருந்த நாள் மட்டுமே கணக்கு. ஆனால் கூடவே நிபந்தனையையும் இறுக்கினார்கள். ஆறு ஆண்டுகளுக்குள் 1,460 நாட்கள். அவற்றில் நான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கு 183 நாட்களாவது உள்ளே இருக்க வேண்டும். பரீட்சை வயதை 14 முதல் 64 வரை விரித்தார்கள். தாய்க்கு வருத்தம் என்று ஓர் ஆண்டில் அரைவாசிக்கு மேல் ஊரில் நின்றவருக்கு அந்த ஆண்டே பயனில்லாமல் போகலாம். ஆட்சி மாறியது. 2017 அக்டோபர் 11-இல் இன்றைய 1,095 வந்தது. வயதும் 18–54 என்று சுருங்கியது.

அக்காவின் தாளைப் பார்த்தபோது எனக்கும் மனம் அந்த 1978-ஆம் ஆண்டு நீதிபதியின் பக்கம்தான் சாய்ந்தது. தாயின் தலைமாட்டில் இருந்த நாட்களை ஒரு நாடு கழித்துக்கொள்வது நியாயமா? ஆனால் கொஞ்சம் யோசித்தால் வேறொன்றும் தெரிகிறது. 'வாழ்க்கையின் மையம்' என்பதை நிரூபிக்க வழக்கறிஞர் வேண்டும். 1,095 என்பதை நிரூபிக்க ஒரு பென்சிலும் ஒரு தாளும் போதும்.

*

நாட்களையும் ஆண்டுகளையும் எண்ணிக் குடியுரிமை கொடுக்கிற வேலை எங்கள் நாட்டிலும் நடந்தது. அதை எழுதாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க மனம் வரவில்லை.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமே தகப்பன் எங்கே பிறந்தான், தகப்பனின் தகப்பனும் பூட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. லயத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, தேயிலைக்கு எருவாகிப் போன தாத்தாவின் பிறப்புச் சான்றிதழை இந்திய வம்சாவளி மலையகத் தமிழர் எங்கே தேடுவது? மறு ஆண்டே இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. அதன்படி குடியுரிமை பெற, 1946 ஜனவரி 1-க்கு முன்பு மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இடைவெளியில்லாமல் இலங்கையில் வசித்ததைக் காட்ட வேண்டும். விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு அவகாசம்.

காகிதத்தில் பார்த்தால் கனடாவின் நிபந்தனையைவிடப் பயங்கரமாகத் தெரியாது. பல தலைமுறையாக அங்கேயே இருந்தவர்களுக்கு ஏழு ஆண்டு பெரிய காரியமா? ஆனால் அந்த ஏழு ஆண்டுகளை எந்தத் தாளைக் கொண்டு காட்டுவது? தோட்டத்துப் பதிவேடு துரையின் அலுவலகத்தில். பங்காளி வீட்டுக் கலியாணத்துக்கு இந்தியா போய்வந்த பயணம் சந்தேகமாக மாறியது. ஏறக்குறைய எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மிஞ்சியவர்களை 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று. யாரையும் கேட்கவில்லை. கணக்கு முழுதாகத் தீர 2003 வரை ஆனது.

இங்கும் எண், அங்கும் எண். நிபந்தனை நல்லதா கெட்டதா என்பதை எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. உழைத்துச் சாப்பிடுகிற ஒரு சாதாரண மனிதரால் அதைத் தன் கையாலேயே நிரூபிக்க முடியுமா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முடியும் என்றால் அது கதவு. முடியாது என்று தெரிந்தே எழுதினால் அது வேலி. அக்காவுக்கு 41 நாள் குறைந்தது வருத்தம்தான். ஆனால் நாற்பத்தோராவது நாள் வரும் என்று அவருக்குத் தெரியும். கண்டியிலும் ஹட்டனிலும் காத்திருந்தவர்களுக்கு அந்த நாள் தெரியவில்லை.

*

அக்காவுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். 1,095 வந்த அன்றே கையெழுத்து வைக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் கூட விட்டுப் போடுங்கள். ஒரு பயணத்தின் திகதியைப் பிழையாக எழுதிவிட்டால், அந்த மேலதிக நாட்கள் உங்களைக் காப்பாற்றும். குடிவரவுத் திணைக்களமே அப்படித்தான் அறிவுறுத்துகிறது.

சத்தியப்பிரமாணத்துக்கு முன்பே பழைய குடியுரிமையைப் பற்றியும் விசாரியுங்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஒத்துக்கொள்வதில்லை. இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டு இந்தியர் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இலங்கையர்கள் இன்னொரு நாட்டின் குடியுரிமையை எடுத்தால் பழையது போய்விடும். தக்கவைக்கவோ மீளப் பெறவோ தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஊரில் காணி உள்ளவர்கள் இதைப் பிறகு பார்க்கலாம் என்று விடக்கூடாது.

புதிதாக வந்து இறங்கியவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். எப்போது வெளிக்கிட்டேன், எப்போது திரும்பினேன், எதற்காகப் போனேன் என்று மூன்று நிரல் போட்டு, ஒவ்வொரு பயணத்தையும் அன்றன்றே எழுதுங்கள். முதல் இரண்டு நிரலும் அரசாங்கத்துக்கு. மூன்றாவது உங்கள் பிள்ளைகளுக்கு.