உரிமம் கேட்காத கைமுட்டி

ராயபுரத்துப் பெரியவர்களிடம் சண்டையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பெயர்கள்தான் வந்து விழும். முட்டியில் துணியைச் சுற்றி, கையுறை மாட்டினால் போதும். உரிமம் யார் கேட்டார்கள்?

துப்பாக்கிக்கு அப்படி இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பொதுவாக ஒருவருக்கு 2 துப்பாக்கிதான். தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். காசு கொடுத்து வாங்கியும் நிம்மதி இல்லை!

சரி, கையோ சிலம்பக் கம்போ, இஷ்டத்துக்கு வீசலாமா? பாரதிய நியாய சன்ஹிதா 37-ஆவது பிரிவைப் பாருங்கள்: தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தாக்க உரிமை இல்லை. பறித்த செல்போனைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து நொறுக்கினால், வழக்கு உங்கள் மேலும் பாயும்.