அடைப்புக்குறிக்குள்ளே ஒரு நட்சத்திரம்!

ஸ்கேன்எஃப் வந்தா & போடு, பாயின்டர்னா * போடு என்று நம்மில் பலர் மனப்பாடம் செய்திருக்கிறோம். எதுக்குன்னு கேட்டா, "புக்ல அப்படித்தான் இருக்கு!" பரீட்சைக்கு இது போதும். லேப்பில் புரோகிராம் படுத்துக்கொண்டால் போதாது. ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் வரும் குறிகள் அலங்காரம் அல்ல. சரக்கு எப்படிக் கைமாறுகிறது என்பதைச் சொல்பவை.

நகலா, விலாசமா?

1972 வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கினார். அதில் வேரியபிளைக் கொடுத்தால் ஃபங்ஷனுக்குப் போவது அதன் மதிப்பின் நகல்தான். மார்க் ஷீட்டின் ஜெராக்ஸில் யார் என்ன கிறுக்கினாலும் ஒரிஜினல் மாறாதே, அதுபோல! ஒரிஜினலே மாறணும்னா அது இருக்கிற விலாசத்தைக் கொடுக்கணும். அழைக்கும் இடத்தில் & என்றால் 'இதன் விலாசம்'. வரையறுக்கும் இடத்தில் * என்றால் 'இங்கே வருவது விலாசம்'. ஃபங்ஷனுக்குள்ளே பாயின்டருக்கு முன் * வந்தால் 'அந்த விலாசத்துக்குப் போ'.

ஸ்கேன்எஃப்பில் ஓர் எண்ணை வாங்கும்போது & விட்டுப்போனால்? வேரியபிளில் கிடக்கும் எண்ணையே விலாசமாக எடுத்துக்கொண்டு அங்கே போய் எழுதப் பார்க்கும். சிவகாசியிலிருந்து ஆமத்தூருக்கு வரும் லாரிக்காரர், பட்டாசுப் பெட்டியில் போட்டிருக்கும் விலையைக் கதவு எண் என்று நினைத்துச் சரக்கை இறக்கினால் எப்படி இருக்கும்? சில சமயம் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். சில சமயம் ஒன்றும் நடக்காததுபோல் ஓடி, வேறெங்கோ விடை தப்பும். ரெண்டாவதுதான் ஆபத்து!

வார்த்தையை வாங்கும்போது மட்டும் & ஏன் வேண்டாம்? அர்ரேயின் பெயரைக் கொடுத்தாலே அதன் முதல் கட்டத்தின் விலாசம்தான் போகிறது. அம்புட்டுத்தான்.

சி பிளஸ் பிளஸ்ஸில் வரையறுக்கும் இடத்திலேயே & வரலாம். அதற்கு 'ஒரிஜினலுக்கே இன்னொரு பெயர்' என்று பொருள். அழைக்கும்போது குறி எதுவும் தேவையில்லை.

மூன்று புள்ளி

பிரிண்ட்எஃப்பின் வரையறையில் கடைசியாக ... இருக்கும். 'இனி எத்தனை வந்தாலும் சரி' என்று அர்த்தம். எத்தனை வந்தது என்று அந்த ஃபங்ஷனுக்குத் தானாகத் தெரியாது; % குறிகளை நம்பித்தான் எடுக்கும். மூன்று % போட்டு இரண்டு மதிப்பு கொடுத்தால், மூன்றாவதாகப் பெரும்பாலும் குப்பைதான் வரும்.

அதே குறி, வேறு வேலை

1991-ல் வெளிவந்த பைத்தானில் * என்றால் விலாசம் அல்ல. வரையறையில் பெயருக்கு முன் ஒரு நட்சத்திரம் வந்தால், மீதி வருவதையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டு;  இரண்டு நட்சத்திரம் வந்தால், பெயர் சொல்லி வருவதையெல்லாம் டிக்ஷனரியில் போடு. தனியாக * நின்றால், அதற்குப் பின்னால் உள்ளவற்றைப் பெயர் சொல்லித்தான் தர வேண்டும். இது 2008-ல் வந்த 3.0-வின் விதி. 2019-ல் வந்த 3.8-ல் / சேர்ந்தது. அதற்கு முன்னால் உள்ளவற்றை வரிசைப்படிதான் தர வேண்டும்.

ஆகவே, குறியைக் கண்டதும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மொழி? அழைக்கும் இடமா, வரையறுக்கும் இடமா? போவது நகலா, ஒரிஜினலின் விலாசமா? பதில் தெரிஞ்சவன் வைவாவில் முழிக்க மாட்டான். நாளைக்கு வேலைக்குப் போன இடத்திலும் முழிக்க மாட்டான்!