படுக்கையிலும் ஏரியிலும் ஒரே கோடு!

தினமும் பார்க்கும் முகத்தில் மாற்றம் தெரியாது என்பார்கள். சுவிட்சர்லாந்து ஓவியர் பெர்டினாண்ட் ஹோட்லர் அந்த மாற்றத்தை நாள்தோறும் பார்த்தார், வரைந்தும் வைத்தார்.

1853-ல் பெர்ன் நகரில் பிறந்த ஹோட்லர், தாய், தந்தை, உடன்பிறந்தவர்கள் என ஒவ்வொருவராகக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். பின்னாளில் பேரும் புகழும் வந்தன. கூடவே இன்னொரு இழப்பும் வந்தது.

அவருடைய காதலி வாலன்டின் கோடே-டாரெல். 1913-ல் இவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தச் சமயத்தில்தான் வாலன்டினைப் புற்றுநோய் தாக்கியது.

படுக்கை அருகே அமர்ந்து ஹோட்லர் வரைந்துகொண்டே இருந்தார். வண்ண ஓவியங்களும் பென்சில் படங்களுமாக நூற்றுக்கும் மேல்! முதலில் தலையணையில் சாய்ந்தபடி நம்மைப் பார்க்கிறார் வாலன்டின். போகப் போகக் கன்னம் ஒட்டுகிறது, தலை சரிகிறது, கண்கள் மூடுகின்றன. சாய்ந்திருந்த உடல் மெல்லப் படுக்கைவசமாகிறது. 1915 ஜனவரி 25-ல் அவர் இறந்தார். மறுநாள், அசைவற்றுக் கிடந்த உடலையும் ஹோட்லர் வரைந்தார். அதில் எல்லாமே ஒரு நீண்ட கோடு.

1918-ல் ஹோட்லரே நோயுற்றிருந்தார். ஜெனீவாவில் தன் வீட்டிலிருந்தபடியே ஏரியையும், அதற்கு அப்பால் தெரியும் மோன் பிளாங் மலையையும் திரும்பத் திரும்ப வரைந்தார். அதே மலை, அதே தண்ணீர். விடியலின் நிறம் மட்டும் படத்துக்குப் படம் மாறுகிறது. கரையும் நீரும் வானமும் அதே நீண்ட கோடுகளாகப் படுத்திருக்கின்றன.

அந்த ஆண்டு மே 19-ல் அவர் மறைந்தார். வாலன்டின் படங்களைப் பார்த்துவிட்டு இந்த ஏரிப் படங்களைப் பாருங்கள். படுக்கையில் பார்த்த கோட்டின் மேல் இங்கே பொழுது விடிந்துகொண்டிருக்கும்.