புல் ஒப்ஷன் யாருக்கு? பிக்கப் வாங்கப்போகும் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு கணக்கு

சித்தப்பா வட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். இரண்டும் ரொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கப். ஒரே ஆண்டு, ஒரே வெள்ளை நிறம். ஆனால் சொல்லப்பட்ட விலைகளுக்கு இடையில் 15 இலட்சம் ரூபா வித்தியாசம். கீழே ஒரு குரல் பதிவு: “பிள்ளை, ரெண்டும் ஒண்டுதானே? மற்றது ஏன் உவ்வளவு கூட? நீதானே எல்லாத்தையும் விசாரிச்சு எழுதிறனி, ஒருக்கா கேட்டுச் சொல்லு.”

சித்தப்பா வெங்காயத் தோட்டக்காரர். 1990இல் வசாவிளானிலிருந்து இடம்பெயர்ந்து, பல வருடங்கள் பிறர் காணியில் குத்தகைக்குச் செய்து, சொந்தக் காணியில் ஒரு துண்டு விடுவிக்கப்பட்ட பிறகு அங்கே மீண்டும் தோட்டம் போட்டவர். போர் முடிந்த பின் ஏ9 வீதியால் வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் வந்த காலத்தில் ஒரு உழவு இயந்திரத்தை லீசிங்கில் எடுத்தார். இரண்டு போகம் பிழைத்தது. தவணை நின்றது. ஒரு விடியற்காலை வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அதனால் அவருடைய கேள்வி எனக்குச் சின்னக் கேள்வியாகப் படவில்லை. சில வாரங்கள் கராஜ்காரரிடமும் வாகனம் விற்பவர்களிடமும் கேட்டுத் திரிந்தேன். இந்தக் கட்டுரை அப்படி வந்ததுதான்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்டது. அதன்பின் விற்பனை நிலையங்களில் புதிய பெயர்கள் நிறையக் கேட்கின்றன. சித்தப்பாவைப் போல யோசிப்பவர்கள் இன்று பலர்.

கிரேட் என்றால் என்ன?

ஒரே வாகனத்தை நிறுவனங்கள் பல படிகளில் விற்கின்றன. நாங்கள் இதைக் கிரேட் என்கிறோம். மேல்படியைப் புல் ஒப்ஷன் என்கிறோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓடும் ஃபோர்ட் எஃப்-150 பெரிய பிக்கப்பில் இது நன்றாகத் தெரியும். எக்ஸ்எல் என்பது வேலைக்கான அடிப்படை. பிறகு எக்ஸ்எல்ரி, லாரியட், கிங் ராஞ்ச், பிளாட்டினம் என்று ஏறிக்கொண்டே போகும். ஏறும்போது தோல் இருக்கை, பெரிய திரை, பெரிய அலோய் சில்லு, குரோம் எல்லாம் சேரும். அடியில் இருக்கும் சட்டகம் பெரும்பாலும் ஒன்றுதான்.

பிரம்டனில் கூரை வேலை செய்யும் என் மச்சான் பிளாட்டினம் வாங்கியவர். அவரோடு வேலை செய்பவர் எக்ஸ்எல் வைத்திருக்கிறார். மச்சான் சிரித்துக்கொண்டு சொன்னார்: “என்ரை விலை கூட, ஆனா அவன்ரை வண்டிதான் கூடச் சாமான் ஏத்தும்.” விளக்கம் எளிது. ஒரு வாகனம் சுமையோடு சேர்த்து இவ்வளவு எடைக்கு மேல் போகக்கூடாது என்று ஓர் உச்ச எல்லை உண்டு. அந்த எல்லையிலிருந்து வாகனத்தின் சொந்த எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. மேல் கிரேட்டில் சேரும் ஒவ்வொரு பொருளும் வாகனத்தின் சொந்த எடையைக் கூட்டுகிறது. சுமைக்கான இடம் அவ்வளவால் குறைகிறது.

எங்கள் சந்தையில் இந்தப் படிகள் வேறு பெயரில் வரும். விகோ, ரெவோ, ரொக்கோ என்று ஹைலக்ஸுக்குச் சொல்வார்கள். விகோ, ரெவோ என்பவை தலைமுறையைக் குறிப்பவை. ரொக்கோ மேல் கிரேட்டின் பெயர். விற்பவர் மூன்றையும் ஒரே வரிசையில் அடுக்கிச் சொன்னால் குழம்பிவிடாதீர்கள்.

முதலில் கப், பிறகு கிரேட்

கிரேட்டைப் பார்ப்பதற்கு முன்னர் முடிவு செய்யவேண்டியது கப். சிங்கிள் கப்பில் சாரதியோடு இரண்டு மூன்று பேர்தான். பின் தட்டு சுமார் 7½ அடி நீளம். டபுள் கப்பில் ஐந்து பேர் இருக்கலாம். தட்டு சுமார் 5 அடிக்குச் சுருங்கிவிடும். இடைப்பட்ட ஸ்மார்ட் கப்பில் பின்னால் சிறு இடம் உண்டு, ஆனால் தூரப் பயணத்துக்கு ஆள் இருக்க முடியாது.

சுமையை எங்கள் அளவில் சொல்கிறேன். ஓர் அந்தர் கிட்டத்தட்ட 51 கிலோ. பட்டா என்று நாங்கள் சொல்லும் சின்ன டாட்டா ஏஸ் 750 கிலோ அளவில் ஏற்றும். அதாவது 15 அந்தருக்குச் சற்றுக் குறைவு. ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளின் சுமை பெரும்பாலும் ஒரு தொன்னை ஒட்டி இருக்கும். 20 அந்தருக்குக் கிட்ட. ஆனால் ஏறி இருக்கும் ஆட்களும் அந்தக் கணக்குக்குள்தான். டபுள் கப்பில் ஐந்து பேர் ஏறினால் 300 கிலோ, ஆறு அந்தர் போய்விட்டது. “வில்லுத்தகடு ரெண்டு கூட்டினால் சரி” என்று கராஜில் சொல்வார்கள். தகடு கூட்டினால் பின்பக்கம் பதியாது, உண்மைதான். ஆனால் பிரேக்கும் அச்சும் ரயரும் பழையவைதானே. எல்லை அதனால் கூடுவதில்லை.

ஆகவே நான் சித்தப்பாவிடம் கேட்டது ஒன்றுதான்: போன வருடம் எந்த நாளில் என்ன ஏற்றினீர்கள்? அவர் கொப்பியில் எழுதி வைக்கிறவர். எண்ணிப் பார்த்தோம். மருதனார்மடத்துக்கும் சுன்னாகத்துக்கும் போன சாதாரண நாட்களில் எட்டுப் பத்து அந்தருக்கு மேல் இல்லை. வெங்காயம் கிண்டும் காலத்தில் மட்டும், விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்கள், தம்புள்ளைக்குப் பெரிய ஏற்றம். அதற்கு அவர் எப்போதும் கன்டர் லொறிதான் பிடிக்கிறார். அந்தச் சில நாட்களுக்காகப் பெரிய தட்டு வாங்கத் தேவையில்லை.

சித்தி சொன்ன காரணம்

அந்தக் கணக்கின்படி பழைய சிங்கிள் கப் ஒன்று போதும் என்றேன். மலிவு, எளிது. அடுப்படியில் நின்ற சித்தி மறுத்தார்.

“ஓடவேண்டி வந்தா எங்க எல்லாரும் ஏறிறது?”

யாரும் சிரிக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வீதிக்கு வந்தபோது எனக்கு ஐந்து வயது. சாமானுக்கு மேல் என்னை ஏற்றி வைத்த லான்ட்மாஸ்ரர் பெட்டியும், நாவற்குழிப் பாலத்தடியில் மணிக்கணக்காய் நகராத சனமும் நினைவிருக்கிறது. சித்தி கைக்குழந்தையோடு நடந்து போனவர். பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல், பழைய ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடிய ஊர் இது. வாகனம் என்றால் எங்கள் தலைமுறைக்கு முதலில் தோன்றுவது சந்தை அல்ல, தப்புவது.

டபுள் கப்புக்கு இங்கே இன்னொரு நினைவும் உண்டு. இராணுவமும் இயக்கமும் அதில்தான் வந்தன. பிறகு கொடியும் அன்ரனாவும் கட்டிக்கொண்டு தொண்டு நிறுவனங்கள் வந்தன. அதிகாரம் உள்ளவன் ஏறி வரும் வாகனம் என்று மனதில் பதிந்துவிட்டது. கண்ணாடி கறுப்பாய் உயர்ந்து நிற்கும் மேல் கிரேட்டைப் பார்க்கும்போது வரும் ஆசையில் இதுவும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அது ஆசை. சித்தி சொன்னது தேவை. இரவில் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் போதனா வைத்தியசாலைக்கு எல்லோரும் ஏறிப் போகவும் அதே ஐந்து இருக்கைதான் வேண்டும். ஆகவே டபுள் கப் என்று முடிவாயிற்று. கிரேட்டில்தான் குறைக்கவேண்டும்.

எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

கொடுக்கவேண்டியது உயிர்காக்கும் பொருட்களுக்கு. எயார் பாக் எத்தனை, ஏபிஎஸ் பிரேக் உண்டா, பின் இருக்கைகளில் சரியான பட்டி உண்டா என்று பாருங்கள். ஒரே மொடலிலேயே கிரேட்டைப் பொறுத்து இவை மாறலாம். இரவில் மாடு குறுக்கே வரும் ஏ9 வீதியில் ஓடுகிறவருக்கு ஏபிஎஸ் ஆடம்பரம் அல்ல. ஏசியும் சித்திரை வைகாசியில் அப்படித்தான்.

நாலு சில்லும் இழுக்கும் போர் வீல் யாருக்குத் தேவை? மணற்காடு, மருதங்கேணிப் பக்கம் கடற்கரை மணலில் மீன் ஏற்றுகிறவருக்கும், மாரியில் தென்மராட்சி வயல் ஒழுங்கைக்குள் இறங்குகிறவருக்கும் தேவை. வலிகாமச் செம்மண்ணிலும் தார் வீதியிலும் ஓடுகிறவருக்கு அது எடையும் டீசல் செலவும் கூடுதல் பழுதும்தான். ஒரு எச்சரிக்கை: உயர்ந்து நிற்பதெல்லாம் போர் வீல் அல்ல. தாய்லாந்திலிருந்து வரும் சில ஹைலக்ஸ்கள் உயரமாக இருந்தாலும் பின் சில்லு மட்டுமே இழுக்கும். உள்ளே போர் வீல் மாற்றும் தடியோ திருகியோ இருக்கிறதா என்று பாருங்கள். கீழே குனிந்து முன் சில்லுகளுக்கு அச்சுத்தண்டு போகிறதா என்றும் பாருங்கள்.

18 அங்குல அலோய் சில்லு பார்வைக்கு அழகு. ஆனால் அதன் ரயர் விலை கூட. பக்கச்சுவர் குறுகியது, குழியில் விழுந்தால் அடி நேரே சில்லுக்கு. சுமை ஏற்றுகிறவருக்குச் சின்ன இரும்புச் சில்லும் தடித்த ரயரும் நல்லது. குரோம், தோல் இருக்கை, தட்டுக்கு மேல் அலங்கார வளைவு, இவற்றில் ஒன்றும் வெங்காயம் ஏற்றாது.

அந்தக் காசில் ஒரு பங்கை அடிப்பக்கத்துக்குச் செலவழியுங்கள். குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடல் கிட்டத்தான். உப்புக்காற்று சட்டகத்தையும் பிரேக் குழாய்களையும் அரிக்கும். மீன் பெட்டி ஏற்றுகிற வாகனம் என்றால் ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணீரும் சேரும். அடிப்பூச்சு அடித்து, நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவினால் சட்டகம் பல வருடம் நிற்கும். பழைய வாகனம் வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியதும் சட்டகத்தைத்தான். இருக்கை உறையை அல்ல.

இயந்திரத்திலும் ஒரு விடயம். புகைத் துகளை வடிகட்டும் அமைப்புள்ள புதிய டீசல் இயந்திரங்கள் கந்தகம் குறைந்த டீசலைக் கேட்கும். இங்கே அது சூப்பர் டீசல். ஓட்டோ டீசலைவிட விலை கூட. வீட்டுக்கும் சந்தைக்கும் சின்னச் சின்ன ஓட்டமே ஓடினால் அந்த வடிகட்டி அடைபடவும் கூடும். வாங்கும் வாகனத்தில் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

15 இலட்சத்தின் உண்மை விலை

இப்போது சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அந்த 15 இலட்சத்தை லீசிங்கில் சேர்த்தால் என்ன ஆகும்? உதாரணத்துக்கு 5 வருடம், குறைந்துவரும் மீதிக்கு ஆண்டு வட்டி 14 வீதம் என்று வைப்போம். மாதம் கிட்டத்தட்ட 34,900 ரூபா. 60 மாத முடிவில் கட்டியிருப்பது சுமார் 20 இலட்சத்து 94 ஆயிரம். இது வாகனத்தின் தவணை அல்ல. கிரேட் வித்தியாசத்தின் தவணை மட்டும்.

இன்னொருவர் வந்து “எங்களிட்டை 10 வீதம்தான்” என்பார். அது பிளாட் வட்டியா என்று கேளுங்கள். பிளாட் என்றால் நீங்கள் கட்டி முடித்த முதலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி உண்டு. 15 இலட்சத்துக்கு 10 வீதப்படி 5 வருடத்தில் 7½ இலட்சம் வட்டி. மாதத் தவணை 37,500 ரூபா. சிறிய எண் சொன்னவரிடம்தான் செலவு கூட. ஆகவே வீதத்தைக் கேட்காமல், மாதத் தவணையையும் மொத்தமாகக் கட்டும் தொகையையும் எழுத்தில் கேளுங்கள். பெறுமதியில் எத்தனை வீதம் கடன் தரலாம் என்ற மத்திய வங்கியின் வரம்பும் வாகன வகையைப் பொறுத்து மாறும். வாங்கும் நேரத்தில் உள்ளதை விசாரியுங்கள்.

தோட்டக்காரருக்கு இன்னொரு சிக்கல். வெங்காயக் காசு போகத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. தவணையோ மாதம் தவறாமல் வருகிறது. மழை பிழைத்த போகத்தில் ஆறு தவணையாவது கட்டும் காசு கையிலோ வங்கியிலோ இல்லாவிட்டால், அந்தக் கிரேட் உங்களுக்கு உரியது அல்ல. சித்தப்பாவின் உழவு இயந்திரம் போனது அந்த இடைவெளியில்தான்.

பழைய வாகனம் என்றால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதாவது நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடன் முடியவில்லை. தீர்த்து, பெயர் நீக்கிய பிறகுதான் மிச்சக் காசு. சட்டக இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். புத்தகத்தில் லொறி என்று இருக்கிறதா, இருபயன் வாகனம் என்று இருக்கிறதா என்பதும் முக்கியம். சாரதி அனுமதிப்பத்திர வகுப்பும் காப்புறுதியும் அதைப் பொறுத்தவை.

சித்தப்பா கடைசியில் படத்தில் இருந்த மலிவானதையே எடுத்தார். டபுள் கப், இரும்புச் சில்லு, துணி இருக்கை, பின் சில்லு இழுவை, ஏபிஎஸ்ஸும் இரண்டு எயார் பாக்கும். பெரும்பகுதி சேமிப்பு, மிச்சத்துக்குச் சின்னத் தவணை. ஆறு தவணைக் காசைச் சித்தியின் பெயரில் வங்கியில் போட்டுவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார்.

முதல் ஓட்டம் மருதனார்மடத்துக்கு, ஒன்பது அந்தர் வெங்காயத்தோடு. திரும்பி வரும்போது வசாவிளானில் தோட்டத்தடியில் நிறுத்தியிருக்கிறார். பின் இருக்கையில் இருந்த சித்தி படம் எடுத்து அனுப்பினார். ஹைலக்ஸ் என்ற பெயரே ஆங்கிலத்தில் உயர்ந்த ஆடம்பரம் என்பதன் சுருக்கம்தான் என்று நான் பதில் எழுதினேன். உடனே குரல் பதிவு வந்தது: “உது போதும் பிள்ளை. எல்லாரும் ஏறலாம்.”